இரட்டை மருந்து லிப்போசோம்: கேள்வி பதில்

லிப்போசோம் என்பது மருந்தை அடைத்து எடுத்துச் செல்லும் நுண்ணிய கொழுப்புக் குமிழ். கேள்விகளின் முன்னால் இருப்பது, கேட்டவர்கள் சிங்கப்பூரில் இருக்கும் இடம்.

கிளமெண்டி, ஆய்வு மாணவி: அக்கா, டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தையும் பி-ஜிபி புரதத்தின் தடுப்பானையும் தனித்தனியாகக் கொடுத்தால் போதாதா? ஏன் ஒரே குமிழில் அடைக்க வேண்டும்?

1976இல் அடையாளம் காணப்பட்ட பி-ஜிபி, செல் சவ்வில் இருந்துகொண்டு மருந்தை வெளியே இறைக்கும் பம்ப். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்லில், வெராபமில் என்ற இதய மருந்து அதை அழகாக அடைக்கும். மனிதரில் அதற்குத் தேவைப்படும் அளவு இதயத்தைத் தாக்கும். பின்னால் வந்த வால்ஸ்போடார் என்ற தடுப்பான், கீமோ மருந்து உடலைவிட்டு வெளியேறுவதையே தாமதப்படுத்தியதால், கீமோ அளவைக் குறைக்க வேண்டிவந்தது.

இன்னொன்று, விகிதம். இரண்டு மருந்தும் ரத்தத்தைவிட்டு வெவ்வேறு வேகத்தில் நீங்கும். தட்டில் நீங்கள் கண்ட விகிதம் கட்டிக்குப் போய்ச் சேராது. வைக்சியோஸ் என்ற இரட்டை மருந்து லிப்போசோம் ஜெயித்தது இங்கேதான். சைட்டராபின், டானோரூபிசின் என்ற இரண்டு கீமோ மருந்துகள் 5:1 மோல் விகிதத்தில், சுமார் 100 நானோமீட்டர் குமிழில். 60 முதல் 75 வயதுள்ள, அதிக ஆபத்து ஏஎம்எல் (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) நோயாளிகளின் இடைநிலை ஆயுள் இதில் 9.56 மாதம், வழக்கமான சிகிச்சையில் 5.95. 2017இல் அமெரிக்க மருந்து ஒழுங்கு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் தந்தது. அதில் பம்ப் தடுப்பான் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பயோபோலிஸ், ஆய்வக உதவியாளர்: குமிழுக்குள் டாக்சோரூபிசின் ஏற்றம் 30 சதவீதத்தைத் தாண்டவே மாட்டேன் என்கிறது.

முதலில் அளந்த விதத்தைச் சந்தேகியுங்கள். குமிழுக்குள் நெருக்கியடித்திருக்கும் டாக்சோரூபிசினின் ஒளிர்வு அணைந்துவிடும். டிரைட்டான் என்ற சோப்புப் பொருளால் குமிழை உடைக்காமல் ஒளிர்வை அளந்தால் குறைவாகத்தான் காட்டும். டிஎஸ்பிசி என்ற கொழுப்பால் ஆன குமிழ் என்றால் உடைக்கும்போது சூடும் வேண்டும்.

அளவு சரியென்றால் சரிவைப் பாருங்கள்: குமிழின் உள்ளே சல்பேட் அதிகம், வெளியே இல்லை என்ற அந்த வேறுபாடுதான் மருந்தை உள்ளே இழுக்கிறது. 250 மில்லிமோலார் அம்மோனியம் சல்பேட்டில் காய்ந்த கொழுப்புப் படலத்தை ஊறவைத்து, 65 டிகிரியில் 100 நானோமீட்டர் சவ்வு வழியே தள்ளிய பிறகு, வெளியே உள்ள சல்பேட்டை ஜி-50 என்ற பிரிப்புப் பத்தியில் முழுக்க நீக்கினீர்களா? மிச்சம் இருந்தால் மருந்துக்கு உள்ளே போகக் காரணமே இல்லை. வெளித்திரவமாக பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புநீர்) வேண்டாம், ஹெப்பஸ் சேர்த்த உப்புநீர் எடுங்கள். பாஸ்பேட்டில் மருந்து திரண்டு படியக்கூடும். மருந்தும் கொழுப்பும் எடையில் 1:10, 60 டிகிரியில் ஒரு மணி நேரம். சரியாக ஏறியிருந்தால் கிரையோ மின்நுண்ணோக்கியில் குமிழுக்குள் காப்பிக்கொட்டைப் பிளவுபோல் ஒரு கோடு தெரியும்: சல்பேட்டோடு படிகமான மருந்து.

படலத்திலேயே தடுப்பானைச் சேர்த்திருந்தால் மோல் கணக்கில் 5 சதவீதத்துக்குள் தொடங்குங்கள். அதிகமானால் சவ்வு கசிந்து சரிவு கலைந்துவிடும்.

ஈசூன்: டயாலிசிஸ் பைச் சோதனையில், தடுப்பானாக வைத்த குர்குமின் (மஞ்சளின் சத்து) 48 மணி நேரத்தில் 5 சதவீதம்தான் வெளியேறியது. 'நிலையானது' என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். குர்குமின் பிபிஎஸ்ஸில் கரையாது. குமிழைவிட்டு வந்தாலும் பைக்குள்ளேயே படிந்துவிடும். வெளித்திரவத்தில் கரைய உதவும் ட்வீன் 80ஐ 0.5 சதவீதம் சேருங்கள், அல்லது சீரத்தில் செய்யுங்கள். இரண்டு மருந்தையும் எச்பிஎல்சி என்ற பிரித்தளக்கும் கருவியில் தனித்தனியாக அளந்து, ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் விகிதத்தைப் போடுங்கள். எனக்கு முதலில் பார்க்க வேண்டிய வரைபடம் அதுதான். துகள் அளவு அல்ல.

பொங்கோல்: மருந்தை எதிர்க்கும் மார்பகப் புற்றுநோய்ச் செல்லான எம்சிஎஃப்-7/ஏடிஆரில் நல்ல முடிவு. ஒப்பீட்டுக்கு எது அவசியம்?

வெற்றுக் குமிழ், குமிழில்லாத இரட்டை மருந்து, தனித்தனிக் குமிழில் ஏற்றிக் கலந்தது. மூன்றாவதை விட்டால், ஒரே குமிழ் என்பதால் பலன் வந்தது என்று சொல்லவே முடியாது. செல்லையும் எஸ்டிஆர் என்ற மரபணு அடையாளச் சோதனைக்கு அனுப்புங்கள். அந்தப் பெயரில் பல ஆண்டுகள் புழங்கிய ஒரு செல் மார்பகச் செல்லே அல்ல, ஓவ்கார்-8 என்ற சினைப்பைப் புற்றுநோய்ச் செல்.

உட்லண்ட்ஸ்: அப்பாவுக்குக் கீமோ நடக்கிறது. தேக்காவில் குர்குமின் மாத்திரை வாங்கித் தரலாமா?

மருத்துவரிடம் கேட்காமல் தர வேண்டாம், அம்மா. சமையல் மஞ்சள் வேறு, அடர்த்தியான மாத்திரை வேறு. வாய்வழி குர்குமின் ரத்தத்தில் மிகக் குறைவாகவே ஏறும் என்பதால் மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்து விற்கிறார்கள். அது கல்லீரல் மற்ற மருந்துகளைச் சிதைப்பதையும் தடுக்கக்கூடும். அடுத்த சந்திப்புக்குப் பாட்டிலையே எடுத்துச் சென்று மருந்தாளரிடம் காட்டுங்கள்.