பட்டறை பதில்கள்: இரண்டு நூல் இடைவெளி

போன இதழில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களைப் பற்றி நாலு வரி எழுதப் போக, பெங்களூரிலிருந்து மட்டும் ஒரு கட்டு கடிதங்கள். எல்லாம் சுற்றிச் சுற்றி கௌலிங்கிலேயே வந்து நிற்கின்றன. தெரியாதவர்களுக்கு: புரொப்பெல்லருக்குப் பின்னால், இன்ஜினைச் சுற்றி மூடியிருக்கும் ஃபைபர் கூடுதான் கௌலிங். இன்ஜினையும் விமானி உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு ஃபயர்வால். மூக்கில் புரொப்பெல்லர் நடுவே இருக்கும் கூம்பு ஸ்பின்னர்.

கேள்வி: நானும் என் மாமாவும் ஓசூர் ரோட்டில் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்து, இரண்டு பேர் உட்காரும் கிட் விமானம் (பாகங்களாக வாங்கி நாமே பொருத்துவது) கட்டி வருகிறோம். ரோடாக்ஸ் 912 இன்ஜின் ஏற்றியாகிவிட்டது. கௌலிங்கின் மேல் பாதியை வைத்துப் பார்த்தால் ஃபயர்வால் பக்கம் நேராக உட்காருகிறது, ஆனால் முன்னால் ஸ்பின்னருக்கும் அதற்கும் நடுவில் இடது பக்கம் 9 மி.மீ., வலது பக்கம் 3 மி.மீ. பின்னால் கொஞ்சம் வெட்டித் திருப்பிவிடலாம் என்கிறார் மாமா. வெட்டலாமா சார்?
— வாசகர், பி.டி.எம். லேஅவுட்

பதில்: மாமாவின் கையிலிருந்து முதலில் அந்தக் கட்டரை வாங்கி வையுங்கள்.

உங்கள் ஸ்பின்னர் ஏறக்குறைய ஒரு அடி விட்டம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவில் இன்ஜின் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால் போதும், இரண்டு ஓரத்துக்கும் 5 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். உங்களுக்கு வந்திருப்பது 6. அதுவும் வலது பக்கம் நெருக்கம், அதாவது இன்ஜின் வலப்பக்கம் லேசாகப் பார்க்கிறது. பல விமானங்களில் இப்படி வேண்டுமென்றே வைப்பார்கள், முழு வேகத்தில் கிளம்பும்போது மூக்கு இடப்பக்கம் இழுப்பதைச் சமாளிக்க. ஆகவே வரைபடத்தை எடுத்து, இன்ஜினுக்குச் சாய்வு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் கௌலிங்கின் மூக்கும் அதே சாய்வில் வார்க்கப்பட்டிருக்க வேண்டும், அப்போது தப்பு நீங்கள் வைத்த விதத்தில். கொடுக்கவில்லை என்றால் இன்ஜினைத் தாங்கும் மவுண்டில் ஒரு வாஷர் இடம் மாறியிருக்கிறதா, ரப்பர் புஷ் சரியாக உட்காராமல் இருக்கிறதா, போல்ட்டெல்லாம் சொன்ன அளவுக்கு முறுக்கியிருக்கிறதா என்று தேடுங்கள். இன்ஜின் கோணலாக இருக்க, அதற்கேற்ப கௌலிங்கை வெட்டிவிட்டால், பிறகு இன்ஜினை நேராக்கும் அன்றைக்குக் கௌலிங் குப்பைக்குத்தான் போகும். கட்டில் கால் ஆடினால் தரையைச் செதுக்கிய கதை.

அது தீர்ந்தது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். எப்போதும் மூக்கிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், பின்னாலிருந்து அல்ல. பின் ஓரத்தில் வெட்டுவதற்கென்றே கூடுதலாக விட்டிருப்பார்கள், மூக்கில் அந்தச் சலுகை கிடையாது. ஸ்பின்னரை வைத்துக்கொண்டு வேலை செய்தால் கீறல் விழும், அதனால் அதன் பின்தட்டு அளவுக்கே ஒரு பிளைவுட் வட்டம் வெட்டி, பின்தட்டு வரவேண்டிய அதே இடத்தில் நிற்கும்படி, புரொப்பெல்லர் மாட்டும் ஃபிளாஞ்சில் போல்ட் போடுங்கள். அதன் முதுகில் இரண்டு நூல் கனத்துக்கு, நம் ஆசாரிமார் கணக்கில் கால் இன்ச், நாலைந்து மரத்துண்டுகளை ஒட்டி, கௌலிங்கின் மூக்கை அதோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டுவிடுங்கள். இனி முன்பக்கம் அசையாது. விமானத்தை ரசமட்டம் வைத்து நேராக்கிய பிறகுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

இங்கே நான் பட்ட ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் பொருத்திய கௌலிங்கில் ஸ்பின்னர் வட்டமும் மூக்கு வட்டமும் ஒரு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தன. பார்த்தவர்கள் எல்லாம் கையைக் குலுக்கினார்கள். கொஞ்ச நாள் பறந்த பிறகு பார்த்தால் ஸ்பின்னர் கீழே இறங்கி நிற்கிறது! புது ரப்பர் மவுண்ட் இன்ஜினின் பாரத்தில் நாளடைவில் அமுங்கும், அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது, அழகில் மயங்கி மறந்துவிட்டேன். அதனால் இப்போது ஸ்பின்னர் அரை நூலிலிருந்து ஒரு நூல் வரை மேலே இருக்கும்படி வையுங்கள். பார்க்கிறவர்கள் கோணல் என்பார்கள், சொல்லட்டும்.

அப்புறம் பின் ஓரம். கௌலிங்கை மேலே வைத்துவிட்டால் அடியில் ஃபயர்வால் விளிம்பு எங்கே என்று தெரியாது. ஃபைபர் பெயின்ட் அடிக்காமல் பச்சையாக இருந்தால் உள்ளேயிருந்து டார்ச் அடித்தாலே விளிம்பும் துளைகளும் நிழலாகத் தெரியும். வெள்ளை ஜெல்கோட், அதாவது மேல்பூச்சோடு வந்திருந்தால் அந்த வித்தை பலிக்காது. அதற்கு வேறு வழி: கௌலிங்கை வைப்பதற்கு முன்பே விளிம்பிலிருந்து சரியாக நாலு இன்ச் பின்னால், விமானத்தின் உடம்பில் டேப் ஒட்டிச் சுற்றிலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வைத்த பிறகு அந்தக் கோட்டிலிருந்து நாலு இன்ச் முன்னால் அளந்து கௌலிங்கின் மேல் குறித்தால் விளிம்பு கிடைத்துவிடும்.

குறித்த கோட்டின் மேலேயே வெட்டாதீர்கள், ஒரு நூல் தள்ளி வெட்டி, மிச்சத்தை நேரான மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவாருங்கள். ஆக்ஸா பிளேடு ஃபைபரைப் பிய்க்கும், சின்ன கிரைண்டரில் டைமண்ட் டிஸ்க் போட்டால் வெண்ணெய் மாதிரி போகும். வைத்துப் பார், எடு, தேய், மறுபடி வை. இருபது தடவை ஆனாலும் கணக்கில்லை. கடைசியில் மூட்டில் ஒரு மி.மீ. விடுங்கள், பெயின்ட்டுக்கும் கனம் உண்டு. கீழ்ப்பாதி இதற்குப் பிறகுதான். மேல்பாதி நின்றுவிட்டால் அது தானாக வழிக்கு வரும்.

மூடிய பிறகு உள்ளே எங்கே உரசுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது இல்லையா, குழந்தைகள் விளையாடும் கலர் களிமண்ணைச் சந்தேகப்படும் இடங்களில் உருட்டி ஒட்டி, மூடித் திறந்து, நசுங்கிய கனத்தை அளந்து பாருங்கள். அரை இன்ச்சாவது வேண்டும். ஓடும்போது இன்ஜின் சாதுவாகத்தான் இருக்கும், கிளப்பும்போதும் அணைக்கும்போதும்தான் உதறும். சைலன்சர் பக்கம் இதைவிடத் தாராளமாக விட்டு, உள்பக்கம் வெப்பத்தடுப்புத் தாளும் ஒட்டிவிடுங்கள்.

ஆயில் பார்க்க மேல்பாதியில் ஒரு சின்னக் கதவு கண்டிப்பாக வையுங்கள். ரோடாக்ஸ் 912-இல் ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. புரொப்பெல்லரைக் கையால் சுற்றி, தொட்டிக்குள் களக் களக் என்று சத்தம் வந்த பிறகுதான் அளவு பார்க்க முடியும். மூடியிருக்கும்போது அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும்? (சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சுற்றுங்கள்.)

கேள்வி: கௌலிங்கைப் பிடிக்கப் பியானோ கீல் (நடுவே கம்பி கோத்த நீளக் கீல்) நல்லதா, கால் சுற்று திருப்பினாலே பூட்டும் ஸ்க்ரூவா?
— வாசகர், ஜீவன் பீமா நகர்

பதில்: பக்கவாட்டில் கீல், பின் ஓரத்தில் ஸ்க்ரூ. கீல் வெளியே தெரியாது, எடையும் குறைவு, ஆனால் கீழே சைலன்சர் பக்கம் அதிர்வில் அதன் கண்கள் ஒவ்வொன்றாக ஒடியும். கீலின் கம்பி முன்பக்கம் நழுவினால் நேராகப் புரொப்பெல்லரில்தான் போய் விழும், அதனால் கம்பியின் முனையை எங்காவது பூட்டி வையுங்கள். ஸ்க்ரூ எஸ்.பி. ரோடு முழுக்கத் தேடினாலும் கிடைக்குமா என்பது சந்தேகம். வரவழைக்கும்போதே பத்து கூடுதலாகச் சொல்லிவிடுங்கள், ஒன்றாவது புல்லில் தொலையும்.

கேள்வி: இன்ஜின் சூடேறுகிறது. பெங்களூர் உயரத்தில் காற்று குறைவு என்பதால் முன்னால் உள்ள காற்று வாய்களைப் பெரிதாக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், எலகங்கா

பதில்: உயரம் பற்றிச் சொன்னது சரி. நாம் 900 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறோம், சென்னையைவிடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் வாயைப் பெரிதாக்குவது கடைசி வைத்தியம். உள்ளே போன காற்று சூடாகி விரிகிறது, அது வெளியேற இடம் இல்லையென்றால் முன்வாசலை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் கூட்டம் அங்கேயே நிற்கும். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்க்கிறோமே. எனவே முதலில் பின்பக்க வெளிவழியைப் பாருங்கள், அது நுழைவாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அதன் முன் விளிம்பில் கீழ்நோக்கி ஒரு சின்ன உதடு வைத்தாலே வெளியே ஓடும் காற்று உள்ளே இருப்பதை உறிஞ்சி இழுக்கும்.

அடுத்தது ஓட்டை உடைசல். ரேடியேட்டரைச் சுற்றியும் சிலிண்டரைச் சுற்றியும் விரல் நுழையும் சந்து இருந்தால் காற்று அந்தச் சுலபமான வழியில் போய்விடும், சூடான இடத்தைத் தொடவே தொடாது. சிலிக்கான் பட்டை வைத்து அடையுங்கள். ரோடாக்ஸ் 912-க்குத் தலைப்பகுதி தண்ணீரில் குளிர்கிறது, சிலிண்டர் காற்றில் குளிர்கிறது, ஆகவே இரண்டுக்கும் தனித்தனியே காற்று போக வேண்டும்.

கூடு போட்டால் இன்ஜின் வெந்துவிடும் என்று 1920-களிலும் பயந்தார்கள். அப்போது சிலிண்டர்களை வெளியே துருத்திக்கொண்டே பறந்தார்கள். அமெரிக்காவின் நாக்கா ஆய்வுக்கூடத்தில் ஃப்ரெட் வீக் என்பவரின் குழு காற்றை வழிநடத்தும் கூடு ஒன்றைச் செய்து ஒரு கர்ட்டிஸ் விமானத்தில் மாட்டியது. இன்ஜினும் குளிர்ந்தது, வேகமும் மணிக்கு 118 மைலிலிருந்து 137-க்குப் போனது. கூடுதல் குதிரைத்திறன் ஒன்றுகூட இல்லாமல்! அதற்கு 1929-க்கான காலியர் விருது கிடைத்தது. உங்கள் கௌலிங்கும் மூடி அல்ல, குழாய். அப்படி நினைத்துக்கொண்டு பார்த்தால் அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும்.

கேள்வி: நம் ஊரில் இப்படிக் கட்டுவதெல்லாம் நடக்கிற காரியமா?
— வாசகி, ஹலசூர்

பதில்: நடந்திருக்கிறது. உங்கள் ஊர் என்.ஏ.எல். (அரசின் விமான ஆய்வுக்கூடம்) கூட, வீட்டில் கட்டுகிறவர்களுக்காக அமெரிக்காவின் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸியை ஆதாரமாக வைத்துத்தான் தன் முதல் ஃபைபர் விமானத்தைக் கட்டி 1987-இல் பறக்கவிட்டது. (அதற்கு இன்ஜின் பின்னால், கௌலிங் தலைவலியே வேறு தினுசு.) அவர்களுடைய ஹன்சா என்ற சிறு விமானம் அதற்குப் பிறகு 1993-இல். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி காந்திவலியில் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை விமானம் கட்டினார், 2017-இல் அதற்குப் பதிவெண்ணும் கிடைத்தது. விமானங்களுக்கு அனுமதி தரும் டி.ஜி.சி.ஏ.வின் காகித வேலைக்குப் பொறுமை வேண்டும், அதுதான் விஷயம்.

கேள்வி: என் மகன் விமான பாகம் என்று சொல்லி மொட்டை மாடியில் ஃபைபர் வேலை செய்கிறான். ஒரே நெடி. உடம்பெல்லாம் அரிப்பு என்கிறான். பயமாக இருக்கிறது.
— ஓர் அம்மா, வித்யாரண்யபுரம்

பதில்: அம்மா, பயம் நியாயமானதுதான். அந்த நெடி பாலியஸ்டர் ரெசினிலிருந்து வருவது. கடையில் ரெசினோடு கோபால்ட் ஒரு பாட்டில், கேட்டலிஸ்ட் ஒரு பாட்டில் கொடுப்பார்கள். அவை இரண்டையும் நேரடியாக ஒன்றாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்க விடாதீர்கள், கேட்டலிஸ்ட் தெறிக்கும் என்பதால் கண்ணாடி போடாமல் தொட விடாதீர்கள். நெடிக்குத் துணி மாஸ்க் போதாது, கார்பன் வடிகட்டி உள்ளது வேண்டும்.

அரிப்பு, தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளால். முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் முதலில் பச்சைத்தண்ணீரில் குளிக்கச் சொல்லுங்கள், வெந்நீர் வேண்டாம். அவன் துணியை மட்டும் தனியாக அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் எல்லோரும் சொறிய வேண்டியிருக்கும்.