சிலிப்பர் கழன்றது தெரியவில்லை

கேள்வி: எனக்கு 58 வயது. 14 வருடமாக இனிப்புநீர். ராத்திரியில் பாதம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது. போன வாரம் சிலிப்பர் கழன்றதுகூடத் தெரியாமல் சந்தை வரை நடந்துவிட்டேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலில் போகலாமா டாக்டர்?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: எரிச்சலைவிட அந்தச் சிலிப்பர்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது அம்மா. சர்க்கரை பல வருடம் கூடியே இருந்தால் நீளமான நரம்புகள் முதலில் கெடும். அதனால்தான் உணர்ச்சி குறைவது பாதத்தில் தொடங்குகிறது. என் அப்பாவுக்குக் குதிகாலில் குண்டூசி தைத்தது, மூன்றாம் நாள் சாக்ஸில் ரத்தக்கறை பார்த்துத்தான் தெரிந்தது.

வெறுங்கால் வேண்டவே வேண்டாம். மதிய வெயிலில் தார்ச்சாலை கொப்புளம் போட்டாலும் உங்களுக்கு வலிக்காது. பால்குடத்தைப் பிள்ளை எடுக்கட்டும், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அரசாங்க கிளினிக்கில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பாருங்கள், அது குறைந்தாலும் இதே மதமதப்பு வரும். எரிச்சலுக்குப் பிரிகாபலின் போன்ற மாத்திரை உண்டு. வலி தணியும், கெட்ட நரம்பைச் சரியாக்காது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் கெடுவது மெதுவாகும். அப்புறம், தினமும் படுக்கப் போகும்முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். சிறு புண் கண்டாலும் மறுநாளே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.