ஐ.நா. பட்ஜெட்டை வெட்டும்போது யார் கணக்குக் கேட்பது?

ஐ.நா. செலவைக் குறைக்கிறது என்று செய்தி வந்தாலே எழும் கேள்வி இது. வெளிப்படைத்தன்மை என்றால் எந்த வேலையில், எவ்வளவு, ஏன் குறைகிறது என்பதை எழுத்தில் வைப்பது. மேற்பார்வை என்றால் செலவு செய்யாத வேறொருவர் அதைச் சோதிப்பது.

பணம் உறுப்பு நாடுகளுடையது, அதனால்தான் இவ்வளவு வாசல்படி. பொதுச்செயலாளர் திட்டம் தருவார். 21 பேர் கொண்ட ஆலோசனைக் குழு அதைத் துருவிப் பார்க்கும். அப்புறம் 193 நாடுகளும் உள்ள, பொதுச்சபையின் பட்ஜெட் குழுவான ஐந்தாம் குழு பேரம் பேசி, பொதுச்சபைக்கு அனுப்பும். செலவான பிறகு மூன்று நாடுகளின் தலைமைத் தணிக்கையாளர்கள் வருவார்கள். இந்தியாவின் தலைமைத் தணிக்கையாளரான சிஏஜியும் 2014 முதல் 2020 வரை அதில் இருந்தார்.

சிக்கல் வேறு இடத்தில். ஓர் அபார்ட்மென்ட் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பட்ஜெட் பாஸாகிவிட்டது, ஆனால் பெரிய வீட்டுக்காரர் மெயின்டனன்ஸ் கட்டவில்லை. செயலாளர் என்ன செய்வார்? வாட்ச்மேன் போன இடத்துக்கு ஆள் போடமாட்டார். எந்தக் கூட்டமும் ஒப்புக்கொள்ளாத வெட்டு அது. சந்தா பாக்கியால் ஐ.நா.விலும் இப்படித்தான் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், பட்ஜெட்டில் ஒதுக்கிச் செலவாகாத தொகையை உறுப்பு நாடுகளின் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. வராத பணத்தையும் திருப்பித் தரும் நிலை!

இன்னொன்று: யுனிசெஃபும் உலக உணவுத் திட்டமும் இதே பையிலிருந்து ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள், அவை விருப்ப நன்கொடையில் நடப்பவை, அவற்றுக்குத் தனித்தனி நிர்வாக வாரியங்கள் உண்டு.