ஓடையில் இடிபாடு கொட்டுகிறார்கள், யாரிடம் போவது?

சூலூர் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வரும் ஓடையை ஒட்டி மனை பிரிக்கிறார்கள். கட்டட இடிபாட்டைக் கொட்டி ஓடையையே மூடுகிறார்கள். எங்கே மனு கொடுப்பது?"

மனு இருக்கட்டும், முதலில் அந்த ஓடையின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். எண் இல்லாமல் எழுதினால் "அது பட்டா நிலத்தில் மழைக்கு ஓடும் பள்ளம்" என்று ஒரே வரியில் பதில் வந்து கதை முடிந்துவிடும். 'அ' பதிவேடும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்வது) புலப்படமும் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) தமிழக அரசின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. பதிவேட்டில் ஓடை, வாய்க்கால் என்று புறம்போக்காகப் பதிவாகியிருந்தால் உங்கள் கை ஓங்கிவிட்டது. புலப்படத்தில் அளவுகள் மீட்டரில் இருக்கும். டேப்போடு போய், அத்துக்கல் (எல்லைக்கல்) இருந்தால் அதிலிருந்து அளந்து, இடிபாடு எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள், தாசில்தாருக்கும் நீர்வளத்துறைக்கும் நகல். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: ஓடையை அளந்து கல் நட வேண்டும். கிராம சபையிலும் தீர்மானம் போடுங்கள், மார்ச் 22 கூட்டம் தண்ணீர் தினத்துக்கே உரியது. மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓடைக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலை நம்பித்தான் கோவைக் குளங்கள் சங்கிலிபோல இருக்கின்றன. 2003 முதல் சிறுதுளி அமைப்பும், ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு வரும் தன்னார்வலர்களும் குளங்களைத் தூர்வாரியது பெரிய காரியம், ஆனால் வரத்து ஓடை அடைபட்டால் தூர்வாரிய குளத்தில் சாக்கடைதான் நிற்கும்.

ஊர்க்காரர்களால் என்ன முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர் சாயக்கழிவு தேங்கியபோது வழக்குப் போட்டு விடாமல் நின்றவர்கள் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். கழிவே வெளியே வராத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது அந்தப் போராட்டத்தில்தான்.

மனுவுக்கு அசைவே இல்லையென்றால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். பிரச்சினை தொடங்கிய 6 மாதத்துக்குள் போய்விடுவது நல்லது, அதனால் முதல் லாரி வந்த தேதியை இன்றே குறித்து வையுங்கள்.