வரம் யாருக்கு?

கேள்வி: மகள் கல்யாணமாகி வெளிநாடு போனபிறகு வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. இப்போது எனக்கு எல்லாமே எங்கள் ஹஸ்கி நாய்தான். மொட்டை மாடியில் தகர ஷெட் போட்டுக் கொடுத்திருக்கிறோம். வெயிலுக்காக முடியைக்கூட ஒட்ட வெட்டிவிட்டோம். செல்லப்பிராணிகள் இறைவன் தந்த வரம்தானே? மீனாட்சி கையிலேயே கிளி இருக்கிறதே! துணைக்கு இன்னொரு ஹஸ்கி வாங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநகர், மதுரை.

பதில்: வரம்தான். உங்கள் நீளமான கடிதத்தில் நாயின் பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது, வீட்டுக்காரர் ஒரே ஒரு இடத்தில், அதுவும் ஷெட் போட்டவராக. கேலி செய்யவில்லை. அலுத்துப்போய் உட்காருகிறவன் காலடியில் ஒரு நாய் வந்து மோவாயை வைத்துப் படுத்தால் மனசு எப்படி இறங்கும் என்று எனக்கும் தெரியும். எங்கள் அச்சக வாசலில் கழிவுக் காகிதக் கட்டின்மேல் படுத்திருக்கும் செவலைக்குத் தினமும் என் பன்னில் பாதி போகிறது.

ஆனால் வரம் யாருக்கு? நம் ஊர்த் திருவிளையாடலைப் பாருங்கள். தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்குத் தானே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தார் சொக்கநாதர். காக்கைகளிடம் கொத்துப்பட்ட கரிக்குருவிக்கு உபதேசம், நாரைக்கு முத்தி. பொற்றாமரைக் குளத்தில் மீனே இருக்கக்கூடாது என்று அந்த நாரை கேட்டதையும் கொடுத்தார். இந்தக் கதைகளில் வரம் வாங்குவது வாயில்லா ஜீவன். சாமிதான் ஆறுதலாக இறங்கி வருகிறார். உங்கள் வீட்டில் அந்த இடம் உங்களுடையது.

மீனாட்சி கையில் கிளி இருக்கிறது, சரி. கூண்டு இல்லையே! பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இந்தச் சாக்கில் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அந்தத் தகர ஷெட். சைபீரியப் பனியில் வண்டி இழுப்பதற்கென்றே வளர்த்த ஜாதி அது. நமக்கு வேர்ப்பதுபோல நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளவேண்டும். ஆற்றில் இறங்க வருகிற அழகருக்கே தோப்பறை என்கிற தோல்பையால் தண்ணீர் பீய்ச்சுகிற ஊர் அம்மா இது! முடியை ஒட்ட வெட்டியது இன்னும் தப்பு. அதற்கு ரோமம் இரண்டு அடுக்கு. மேலடுக்குதான் வெயில் நேரே தோலில் படாமல் தடுக்கிறது. உதிர்கிற முடியைச் சீவி எடுத்தால் போதும்.

அலங்காநல்லூர் பக்கம் ஒரு வீட்டுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். இலை போட்டாயிற்று, அந்த அம்மாவைக் காணோம். தொழுவத்தில் எட்டிப் பார்த்தால், மூக்கணாங்கயிறு உரசிப் புண்ணான இடத்தில் காளைக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். கொம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவர் மாதிரி ஏதோ முணுமுணுப்பு வேறு. “செத்த இருங்க, அவனுக்கு முதல்ல” என்றார். சோறு ஆறிப்போனது. வரம், கிரம் என்று அவர் ஒன்றும் பேசவில்லை.

இன்றைக்கே நாயை மாடியிலிருந்து கீழே இறக்குங்கள். ஏசி இருக்கிற அறையில் உங்களோடு படுக்கட்டும், கரண்டு பில்லை வரத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நடக்கக் கூட்டிப்போவது விடிவதற்குள் முடியவேண்டும். கிளம்பும் முன் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் திரும்பிவிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருஷா வருஷம் போடுகிறீர்களா? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

இன்னொரு ஹஸ்கி வேண்டாம். துணை வேண்டுமென்றால் நம் நாட்டு நாய்களான சிப்பிப்பாறையோ கன்னியோ பாருங்கள், நம் வெயிலில் பிறந்து வளர்ந்தவை. உங்கள் தெருமுனையிலேயே ஒன்று படுத்திருக்குமே, அதையும் ஒருதரம் பாருங்கள்.