சார்ஜரின் ஆம்பியரைவிட வோல்ட்டைப் பாருங்கள்

படகு மின்சாரம்: வாசகர் கேள்வி பதில்

ஜூன் 1இல் தொடங்கிய மழைக்கால மீன்பிடித் தடை ஜூலை 31உடன் முடிகிறது. கரையேறிய படகுகளில் வயரிங் வேலை மும்முரமாக நடக்கும் நேரம் இது. அதனால்தான் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பேட்டரி சார்ஜரைப் பற்றியே இருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணாச்சி, மும்பை சசூன் டாக்கில் ஓடும் ஒரு டிராலரில் எங்களுக்குப் பங்கு உண்டு. எஞ்சினைக் கிளப்பும் செல்ஃபுக்கு 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட் எடுக்கிறோம். வயர்லெஸ், ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டருக்குத் தனியாக 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் ஹவர் ஒன்று. போன வருஷம் தடை முடிந்து பார்த்தால் மூன்றுமே செத்துக் கிடந்தன. இந்த முறை படகிலேயே சார்ஜர் பொருத்தலாம் என்று லோகார் சாலில் விசாரித்தோம். ஒரு கடைக்காரர் 10 ஆம்பியர் போதும் என்கிறார், இன்னொருவர் 30 வாங்கு என்கிறார். எதை நம்புவது?
சயான் வாசகர்

இரண்டு பேருமே உங்களுக்கு ஆம்பியரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பேட்டரியின் ஆயுள் சார்ஜர் எந்த வோல்ட்டில் நிற்கிறது, நின்ற பிறகு என்ன செய்கிறது என்பதில்தான் இருக்கிறது.

முதலில், போன வருஷம் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் நேரடியாக இணைத்த ஏதோ ஒன்று, படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் மிதவை சுவிட்சோ ஒரு சின்ன இண்டிகேட்டர் விளக்கோ, கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். வெறும் 50 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். தடைக்காலத்தின் 61 நாளில் 73 ஆம்பியர் ஹவர். உங்கள் 100 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் முக்கால் பங்கு போய்விட்டது. மும்பை வெக்கையில் பேட்டரி தானாக இழப்பது இதற்கு மேல். காலியான லெட் ஆசிட் பேட்டரி அப்படியே கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். பிறகு எந்த சார்ஜரும் அதை முழுதாக மீட்காது. ஆகவே படகைக் கரையேற்றும் அன்றே பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

இனி சார்ஜருக்கு வருவோம். நல்ல சார்ஜர் மூன்று கட்டமாக வேலை செய்யும். முதலில் முழுக் கரண்டையும் தள்ளும். 12 வோல்ட் பேட்டரி சுமார் 14.4 வோல்ட்டைத் தொட்டதும் அந்த வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு கரண்டைக் குறைத்துக்கொண்டே வரும். பேட்டரி நிறைந்ததும் 13.2 முதல் 13.8 வோல்ட்டுக்குள் இறங்கி நிற்கும். இந்த மூன்றாவது கட்டத்தைத்தான் ஃப்ளோட் என்கிறோம். உங்கள் 24 வோல்ட் செட்டுக்கு எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை சார்ஜர்களில் இந்த இறக்கம் கிடையாது. பேட்டரி நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும், தண்ணீர் கொதித்து வற்றும், தகடு வெளியே தெரியும்.

இதைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். கடையில் வெறும் கிளிப்பில் வைத்துப் பார்க்காதீர்கள். இன்றைய சார்ஜர்கள் பல, பேட்டரி இணைந்திருப்பது தெரிந்தால்தான் வோல்ட்டே கொடுக்கும். ஒரு பேட்டரியை மாட்டி, ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் சார்ஜர் ஓடும்போதே பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 24 வோல்ட் செட்டில் 27 வோல்ட்டை ஒட்டி நின்றால் சரி. காலையிலும் 28.8ஐ ஒட்டியோ அதற்கு மேலோ காட்டினால், பெட்டியில் ஆட்டோமேட்டிக் என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். 14.4 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமார் 20 மில்லிவோல்ட், 24 வோல்ட்டுக்கு 40 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். உங்கள் என்ஜின் அறை 40 டிகிரி இருந்தால் 0.6 வோல்ட் குறைந்து, 28.8க்குப் பதில் 28.2 ஆக வேண்டும். இதைத் தானாகச் செய்யும் சார்ஜர்களில் வெப்ப சென்சார் இருக்கும். சென்சார் பேட்டரியோடு ஒட்டியிருக்கும் வகை கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் கொடுத்தாவது வாங்குங்கள். குளிர் நாட்டுக்காரருக்கு அது ஒரு வசதி, நமக்கு அவசியம்.

ஆம்பியரையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரை சரி. செல்ஃப் அடிக்கும்போது 300 ஆம்பியர் 5 விநாடி போனாலும் மொத்தச் செலவு அரை ஆம்பியர் ஹவர்கூட இல்லை. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் டைனமோ அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே செல்ஃப் பேட்டரிக்கு 24 வோல்ட் 15 ஆம்பியர் போதும், 30 வேண்டாம். உண்மையில் காலியாவது உங்கள் 100 ஆம்பியர் ஹவர் பேட்டரிதான். அதற்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். பாதி காலியாக வந்தால், கடைசியில் கரண்ட் குறைந்து இழுக்கும் நேரத்தையும் சேர்த்து ஏழெட்டு மணி நேரத்தில் நிறைந்துவிடும். ஐஸ், டீசல் ஏற்றும் நேரத்தில் கரை மின்சாரம் கிடைத்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

இன்னொன்று. நிறைய படகுகளில் 24 வோல்ட் செட்டின் நடுவிலிருந்து 12 வோல்ட் உருவி வயர்லெஸுக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் படகிலும் யாராவது அப்படிச் செய்திருக்கிறார்களா என்று அவசியம் பாருங்கள். கீழே இருக்கும் பேட்டரி தினமும் காலியாகும், மேலே இருப்பது நிறைந்தே இருக்கும். 24 வோல்ட் சார்ஜருக்கு இரண்டின் கூட்டுத்தொகை மட்டும்தான் தெரியும். மேல் பேட்டரி கொதிக்கும், கீழ் பேட்டரி என்றைக்கும் நிறையாது. 24ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்று போட்டு எடுங்கள். ஏற்கெனவே இரண்டும் ஏறுமாறாகிவிட்டால், இரண்டு தனித்தனி 12 வோல்ட் அவுட்புட் உள்ள சார்ஜரால் ஒவ்வொன்றையும் தனியாக நிரப்பலாம். ஆனால் அந்த இரண்டு அவுட்புட்டும் உள்ளே ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று சார்ஜர் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு அவுட்புட்டுக்கும் ஒரே நெகட்டிவ் உள்ள சார்ஜரைத் தொடர் இணைப்பில் மாட்டினால் ஷார்ட் ஆகும்.

அண்ணே, வெர்சோவாவில் ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். பெட்ரோல் அவுட்போர்டு, 12 வோல்ட் பேட்டரி ஒன்று. இ-ரிக்‌ஷாவுக்குப் போடும் சார்ஜர் மலிவாகக் கிடைக்கிறது. அதைப் படகிலேயே பொருத்தலாமா?
அந்தேரி வாசகர்

வேண்டாம் தம்பி. முதல் விஷயம், இ-ரிக்‌ஷா வண்டிகள் பெரும்பாலும் 48 வோல்ட்டில் ஓடுபவை. அந்த சார்ஜரை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டவே கூடாது. அதே கடையில் 12 வோல்ட் கராஜ் சார்ஜர் கொடுத்தாலும் என் பதில் மாறாது. காரணம், அதன் பக்கவாட்டில் இருக்கும் விசிறி.

அப்படிப்பட்ட சார்ஜர்களைப் படகிலிருந்து கழற்றித் திறந்தால் எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான். விசிறி இதழ்களின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். போர்டில் செம்புத் தடங்கள் பச்சை பூத்திருக்கும். ரிலேயின் கால்களைச் சுற்றி ஈரப் பிசுக்கு இருக்கும். சூட்டைத் தணிக்க வைத்த விசிறி கடல் காற்றை உள்ளே இழுத்து, உப்பைப் போர்டின்மேல் பூசிவிடுகிறது. படகில் நிரந்தரமாகப் பொருத்தும் சார்ஜருக்கு விசிறி இருக்கக் கூடாது. உள்ளே எபாக்ஸி ஊற்றி அடைத்த, அலுமினிய உடம்புள்ள சார்ஜராக இருக்கட்டும். லேபிளில் ஐ.பி. 67 என்று இருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே தண்ணீர் போகாது என்று பொருள். ஐ.பி. 65 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும், மூழ்கினால் தாங்காது. ஐ.பி. 20 வீட்டு அலமாரிக்கு.

உங்கள் படகில் பெட்ரோல் இருப்பதால் இன்னும் கவனம் தேவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அது மேலே எழும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். அதனால் பொறி வெளியே வராதபடி செய்த, இக்னிஷன் ப்ரொடெக்டட் என்று எழுதியிருக்கும் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். சார்ஜ் போடும்போது பேட்டரிப் பெட்டி இருக்கும் இடத்தைத் திறந்து காற்றோட்டமாக வையுங்கள். சார்ஜரைப் பேட்டரிக்கு நேர் மேலே மாட்டாதீர்கள், ஆசிட் ஆவி அதைத் தின்றுவிடும்.

அந்த விலைக்கு இதெல்லாம் கிடைக்காது என்றால் ஒன்று சொல்கிறேன்: உங்களுக்குப் படகில் சார்ஜரே தேவையில்லை. ஒரே ஒரு பேட்டரிதான். கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு சாதாரண நல்ல சார்ஜரில் போடுங்கள். பல வருஷமாகப் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

சார், நான் வயர்மேன். பாவுச்சா தக்காவில் ஒரு படகுக்குச் சார்ஜர் மாட்டினேன். 10 ஆம்பியர் சார்ஜர், பேட்டரி 4 மீட்டர் தள்ளி. 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர் போட்டேன். சார்ஜரில் 14.4 வருகிறது, பேட்டரியில் 13.8தான் காட்டுகிறது. சார்ஜர் பழுதா?
தாராவி வாசகர்

சார்ஜர் நன்றாக இருக்கிறது. வோல்ட் வயரில் போய்விட்டது. போகவும் வரவும் சேர்த்து 8 மீட்டர். 2.5 வயரின் தடை மீட்டருக்குச் சுமார் 7.4 மில்லிஓம். 8 மீட்டருக்கு 59 மில்லிஓம், 10 ஆம்பியரில் 0.59 வோல்ட். நீங்கள் அளந்தது அப்படியே கணக்கில் வருகிறது. வீட்டு வயரிங்கில் 230 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அரை வோல்ட் என்பது பேட்டரி நிறைவதற்கும் நிறையாததற்கும் உள்ள தூரம். கரண்ட் குறையும்போது இந்த இழப்பும் குறையும். ஆனாலும் நேரம் இழுக்கும், சில சார்ஜர்கள் பேட்டரி நிறைந்துவிட்டதென்று எண்ணி முன்னதாகவே ஃப்ளோட்டுக்கு இறங்கிவிடும்.

6 ஸ்கொயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டாகக் குறையும். அதைவிட நல்லது, சார்ஜரைப் பேட்டரிக்குப் பக்கமாக நகர்த்தி, 230 வோல்ட் வயரை நீளமாக இழுப்பது. ஈயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வயர் முனையில் மாட்டும் லக்கை நன்றாகக் கிரிம்ப் செய்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். வெறும் செம்பில் உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே போகும். மேலுறையை ஒரு சாண் சீவினாலும் உள்ளே கறுப்பாகத்தான் இருக்கும்.

பியூஸ் பற்றி நீங்கள் எழுதவில்லை. பாசிட்டிவ் வயரில், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். சார்ஜர் பக்கம் போட்டால் பயனில்லை. வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டப்போவது பேட்டரிதான். ஜெட்டி பக்கம், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வையுங்கள், சார்ஜர் உடம்புக்கு எர்த் கொடுங்கள். ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் வயரை டேப் சுற்றி ஜாயின்ட் போட்டுக் கிடத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள், உங்கள் கண்ணில் பட்டால் அடுத்தவரையும் தடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் மைத்துனர் அங்கே விற்கும் படகு சார்ஜர் ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
மாட்டுங்கா வாசகர்

அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அதற்கு மட்டும் செய்த சார்ஜரை நம் 230இல் சொருகினால் அன்றே புகை வந்துவிடும். லேபிளில் இன்புட் 100 முதல் 240 வரை என்று இருந்தால் மட்டும் வாங்கி வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் மைத்துனரிடம் வேறு ஏதாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு மாறலாம் என்று நினைக்கிறோம். பழைய சார்ஜரையே வைத்துக்கொள்ளலாமா?
செம்பூர் வாசகர்

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் நான்கு செல், 12.8 வோல்ட். 14.2 முதல் 14.6 வரை சார்ஜ். எண்ணைப் பார்த்தால் லெட் ஆசிட்டுக்குப் பக்கம்தான். ஆனால் பழைய சார்ஜரில் ஈக்வலைஸ், டி-சல்ஃபேட் (இறுகிய சல்பேட்டை இளக்குவது) என்று 15 வோல்ட்டுக்கு மேல் ஏறும் கட்டம் இருந்தால் லித்தியத்துக்கு ஆகாது. லித்தியம் என்று தனி செட்டிங் உள்ள சார்ஜர் வாங்குவதே சரி. டைனமோவையும் கவனியுங்கள். லித்தியம் கிடைத்த கரண்டையெல்லாம் விழுங்கும், சின்ன டைனமோ சூடேறிப் போய்விடும். செல்ஃபுக்கு லெட் ஆசிட்டையே வைத்துக்கொண்டு, கருவிகளுக்கு மட்டும் லித்தியம் போடுங்கள் என்பது என் கருத்து. 100 ஆம்பியரில் கட் ஆகும் லித்தியம் பேட்டரியால் பெரிய டீசல் எஞ்சினைச் சுழற்ற முடியாது.

அண்ணா, எங்கள் படகு மட் பக்கம் நங்கூரத்தில் நிற்கும். கரை மின்சாரமே கிடையாது. சார்ஜர் வாங்கி என்ன செய்ய?
மலாட் வாசகர்

சார்ஜர் வாங்காதீர்கள். சோலார் போடுங்கள். நல்ல வெயில் நாளில் 100 வாட் பேனல் உங்கள் 12 வோல்ட் பேட்டரிக்கு 25 ஆம்பியர் ஹவர் போலக் கொடுக்கும். மழை மேகத்தில் இது வெகுவாகக் குறையும். ஆனாலும் முன்னே சொன்ன 1.2 ஆம்பியர் ஹவர் தினக் கசிவை ஈடுகட்ட ஒரு 20 வாட் பேனலே போதும். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். அதற்கும் மேலே சொன்ன வோல்ட் கணக்கும் வெப்பக் கணக்கும் அப்படியே பொருந்தும், ஆகவே லெட் ஆசிட், ஜெல், லித்தியம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளதா என்று பாருங்கள். ஜெல்லுக்கு 14.1, 14.2க்கு மேல் போகக் கூடாது. பேனலைக் கேபின் கூரையில், வலை தூக்கும் கம்பத்தின் நிழல் விழாத பக்கமாக மாட்டுங்கள். ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் மொத்தப் பேனலின் கரண்டும் சரிந்துவிடும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, அப்புறம் பேனல் என்ற வரிசையில் இணையுங்கள். கழற்றும்போது பேனலை முதலில் எடுங்கள்.