வெட்டிய சீமைக் கருவேலம் மீண்டும் தழைப்பது குறித்து

வணக்கம். வைகைக் கரையில் ஊர் இளைஞர்கள் கூடி வெட்டிய சீமைக் கருவேலம், ஆறே மாதத்தில் முன்னைவிட அடர்ந்து தழைத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். தரையோடு வெட்டியதே காரணம். தண்டும் வேரும் கூடும் கழுத்துப் பகுதியில், மண்ணுக்குள் மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன, ஒரு தண்டை அறுத்தால் அங்கிருந்து ஐந்தாறு கிளம்பும். சுற்றிலும் ஓரடி ஆழம் தோண்டி, அந்தக் கழுத்துக்குக் கீழே வேரை அறுத்தெடுங்கள். பொக்லைன் விரைவானதுதான், ஆனால் கரைச் சரிவில் அதை இறக்கினால் மண் தளர்ந்து, அடுத்த வெள்ளத்தில் கரையே சரியக்கூடும். அங்கே கடப்பாரையும் மண்வெட்டியும் போதும்.

ஊராட்சித் தீர்மானத்துடன் நீர்வளத்துறையின் எழுத்துமூல அனுமதியைப் பெற்ற பிறகே தொடங்குங்கள். கரிமூட்டம் போடுபவர்களையும் ஆடு மேய்ப்பவர்களையும் முதல் கூட்டத்துக்கே அழையுங்கள் (பலரும் தவறவிடுவது இதைத்தான்). கரிமூட்டம் போடுபவர்களுக்கு இம்மரம் பிழைப்பு, ஆகவே வெட்டிய விறகை அவர்களுக்கே கொடுத்துவிடலாம். ஆடுகள் தின்ற நெற்றின் விதைகளோ புழுக்கையில் கெடாமல் வெளிவந்து முளைப்பதால், காய்க்கும் மாதங்களில் சீர்செய்த பகுதிக்குள் மந்தை வராதிருக்க மேய்ப்பவர்களின் இசைவு வேண்டும்.

ஒரே மூச்சில் முழுக் கரையையும் மொட்டையடிக்காதீர்கள். பராமரிக்க முடிந்த அளவு நீளத்தை மட்டும் எடுத்து, வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் நீரோரம் வெட்டிவேரும், மேட்டில் நீர்மருது, நாவல், புங்கனும் நடுங்கள். மண்ணில் கிடக்கும் சீமைக் கருவேல விதைகள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும், ஈரம் காயுமுன், அவற்றிலிருந்து முளைக்கும் கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம்.